குழாய் எடுத்த பிறகு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற தாதிய சகோதரியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "உடல்நலத்தைப் பற்றி ஏதாவது பேசுங்க அக்கா, பிரஷர், சீனி வருத்தம் இப்படி" என்றார். பிரஷரும் சீனியும் இப்போது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த மண்டபத்தில் கிளினிக் கொப்பி இல்லாத கைப்பையைத் தேடத்தான் வேண்டும். நான் 33 வருடங்கள் தாதியாக இருந்தேன். அதில் பெரும்பகுதி தீவிர சிகிச்சைப் பிரிவில். அங்கே பார்த்ததை, பார்த்தும் விளங்கிக்கொள்ளாமல் விட்டதை இன்று பேசலாம் என்று நினைத்தேன். இயந்திரத்தில் மூச்சு விட்ட ஒருவர் மறுபடி தன் சொந்த மூச்சை விடப் பழகுவதுதான் என் விஷயம்.

நமது விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒரு மணிச்சாடி இருந்தது, நினைவிருக்கிறதா? அடியில்லாத கண்ணாடிச் சாடி. உள்ளே இரண்டாகப் பிரியும் குழாயில் இரண்டு பலூன்கள். அடியில் இழுத்துக் கட்டிய இறப்பர்த் தாள். எங்கள் காலத்தில் அந்தத் தாள் கிழிந்துபோய், டீச்சர் லொறி டியூபை வெட்டிக் கட்டியிருந்தார். பலூன்கள் நுரையீரல், டியூப் துண்டு பிரிமென்றகடு. டியூபைப் பிடித்துக் கீழே இழுத்தால் பலூன்கள் விரியும், விட்டால் சுருங்கும். யார் இழுப்பது என்று நாங்கள் அடித்துக்கொண்டதுதான் எனக்கு நினைவு. டீச்சர் சொன்ன முக்கியமான விஷயம் வெகுகாலம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. பலூனுக்குள்ளே யாரும் காற்றை ஊதவில்லை. கீழே ஒரு தசை இழுக்கிறது, அந்த இடைவெளியை நிரப்பக் காற்று தானே வருகிறது. அவ்வளவுதான் மூச்சு.

நிமிடத்துக்கு 15 தடவை என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 21,600 தடவை அந்தத் தசை இழுக்க வேண்டும். கைகால் தசைகளுக்கு இரவில் ஓய்வு உண்டு. இதற்குப் போயா தினமும் இல்லை, தீபாவளி லீவும் இல்லை.

வென்டிலேட்டர் என்கிற செயற்கைச் சுவாச இயந்திரம் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை வைத்து, வெளியிலிருந்து காற்றை உள்ளே தள்ளுகிறது. ஆரம்பத்தில் இது இப்படி இருக்கவில்லை. 1928இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதன்முதலாகப் பாவித்த "இரும்பு நுரையீரல்" நமது மணிச்சாடியேதான். தலை மட்டும் வெளியே இருக்க, ஆளை ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் படுக்க வைத்து, பெட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். நெஞ்சு தானாக விரியும். 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது நகரத்துக்குப் போதுமான பெட்டிகள் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளினார். சிறுமி பிழைத்தாள். அதன் பிறகு ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் இருந்து கையால் பை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் கைகளில் பிறந்தது என்று சொல்வார்கள். இரவு டியூட்டியில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் பிடிக்கும் வரை நானும் பை அமுக்கியிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அந்த மாணவர்கள் மாதக்கணக்கில் செய்தார்கள்.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம்.

நான் பயிற்சி முடித்து 1989இல் வேலைக்குப் போனபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் பலர் நஞ்சு அருந்தியவர்கள். தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்த, பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். இதைப் பொதுமேடையில் பேச நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் நம் லயங்களில் இந்தக் கதை நடக்காத குடும்பங்கள் குறைவு, ஆகவே பேசுகிறேன். பூச்சிகொல்லி நஞ்சுக்கு உடனே மருந்து கொடுத்து, கண்மணி விரிந்து, எச்சில் வடிவது நின்று, ஆள் தெளிந்து கதைக்கத் தொடங்கிவிடுவார். வீட்டுக்காரர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு இரண்டாம் மூன்றாம் நாள் திடீரென்று மூச்சு நின்றுபோகும்.  அதை ஒரு தனி நோய்நிலையாக எழுதியவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்து வைத்தியர்கள் இருவர், நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். 1987இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ சஞ்சிகையான நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்தது. நஞ்சு உள்ளே போய் 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் கழுத்து, தோள், இடுப்புத் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழந்த 10 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. நான்கு பேருக்கு அவசரமாக இயந்திரம் தேவைப்பட்டது. அந்த வாதம் 18 நாள் வரை நீடித்தது. இப்போது உலகமெங்கும் மருத்துவப் புத்தகங்களில் அது ஒரு தனி நோய்நிலை. நம்ம மலைநாட்டு வார்டில் கண்டுபிடித்தது.

அந்த நோய்நிலையின் முதல் அடையாளங்களில் ஒன்றைக் கண்டுகொள்ள இயந்திரம் எதுவும் வேண்டாம். "தலையணையில இருந்து தலையைத் தூக்குங்க" என்று சொல்லிப் பார்த்தால் போதும். தூக்க முடியாவிட்டால், அடுத்து மூச்சுத் தசை விழப்போகிறது என்று வைத்தியரைக் கூப்பிடுவோம். ஒருமுறை நோயாளி ஒரு கொழுந்து பறிக்கும் பெண். தலையில் கயிறு மாட்டி, கூடை நிறையக் கொழுந்தோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கிய கழுத்து அது. அந்தக் கழுத்தால் தன் தலையைத் தூக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, இது என்ன என்பதுபோல் விழித்தாள். அவளுக்கு என் வயதுதான்.

அவள் பிழைத்தாள். 12 நாட்களுக்குப் பிறகு குழாயை எடுத்தோம். எங்கள் பிரிவில் குழாய் எடுக்கிற நாள் ஒரு சின்னத் திருநாள் மாதிரி. வார்டுக்கு அனுப்பியதும் கட்டிலைக் கழுவி அடுத்தவருக்கு விரித்துவிடுவோம். அதற்குப் பிறகு அவள் எப்படிப் படியேறினாள், எப்போது மலைக்குப் போனாள், போனாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை. எங்கள் வேலை குழாயோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

(இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை 1995லும், எண்டோசல்ஃபானை 1998லும் அரசாங்கம் தடுத்தது. 1995க்கும் 2005க்கும் இடையில் இந்த நாட்டில் தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்தது. ஒரு போத்தல் கையெட்டும் தூரத்தில் இல்லாதபோது மனிதர் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாண்டிவிடுகிறார். தாண்ட முடியாமல் தவிக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பக்கத்தில் இருங்கள், 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைக்க உதவுங்கள்.)

இனி, மூச்சுத் தசைக்கு இயந்திரத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். கை முறிந்து சாந்து போட்டவர்களுக்குத் தெரியும், ஆறு கிழமை கழித்துச் சாந்தை வெட்டினால் உள்ளே கை குச்சியாக இருக்கும். வேலை செய்யாத தசையை உடம்பு வைத்துக் காப்பாற்றாது, அதை உடைத்து வேறு செலவுக்கு எடுத்துக்கொள்ளும். பிரிமென்றகட்டுக்கும் இதே சட்டம்தான், ஆனால் ஆறு கிழமை தேவைப்படாது. 2008இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஆய்வு வந்தது. மூளைச்சாவடைந்து, குடும்பத்தார் உறுப்புதானத்துக்கு உடன்பட்ட 14 பேரின் பிரிமென்றகட்டுத் தசையை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் இயந்திரத்தில் முற்றாக ஓய்ந்து இருந்தது 18 முதல் 69 மணித்தியாலங்கள்தான். அதற்குள் தசை நார்களின் பருமன் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நான் அதை வாசித்தபோது என் கணக்கில் எத்தனை 18 மணித்தியாலங்கள் போயிருக்கின்றன என்று யோசித்தேன். நோயாளி அமைதியாகத் தூங்குகிறார், அலாரம் அடிக்கவில்லை, இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்றால் அது நல்ல ஷிஃப்ட் என்று கையேட்டில் எழுதிவிட்டுப் போன நாட்கள் அவை.

அதற்காக, மயக்கமருந்தை நிறுத்தி, ஆளைத் தானே மூச்சு விடு என்று போராட விட்டாலும் சரிவராது. டொரொன்டோவில் 107 நோயாளிகளின் பிரிமென்றகட்டை ஸ்கான் மூலம் நாளுக்கு நாள் அளந்து பார்த்தார்கள். முதல் கிழமையில் 44 வீதமானவர்களுக்குத் தசை மெலிந்தது. 12 வீதமானவர்களுக்குத் தடித்தது. அளவுக்கு மீறி உழைத்த தசை அது, காயப்பட்டது. மெலிந்தாலும் கெடுதல், தடித்தாலும் கெடுதல். ஆகவே இப்போது நல்ல பிரிவுகளில் செய்வது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. தினமும் காலையில் மயக்கமருந்தைக் குறைத்து எழுப்பிப் பார்ப்பார்கள். உடம்பு தாங்கினால், இயந்திரத்தின் உதவியைக் குறைத்து அரை மணித்தியாலம் சொந்த மூச்சு விடச் சொல்லிப் பார்ப்பார்கள். குழாயோடேயே கட்டிலின் ஓரத்தில் உட்கார வைப்பார்கள். சிக்காகோவிலும் அயோவாவிலும் 104 பேரிடம் செய்த ஆய்வொன்றில், இயந்திரத்தில் இருக்கும்போதே உடற்பயிற்சி தொடங்கியவர்களில் 59 வீதமானவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்கிற நிலையில் வைத்தியசாலையை விட்டுப் போனார்கள். வழமையான முறையில் இருந்தவர்களில் 35 வீதம்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய், "மெசின் தசையைத் தின்னுமாம், சிஸ்டரே சொன்னாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு அந்தப் பயம் உண்டு. எத்தனையோ பேர் பிரிவின் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், மெசின் மட்டும் போட்டுறாதீங்க, மெசின் போட்டா திரும்ப மாட்டாங்க" என்று அழுதிருக்கிறார்கள். மெசின் போட்டதால் போகிறவர்கள் இல்லை அவர்கள். போய்க்கொண்டிருந்தபோதுதான் மெசின் போட்டார்கள். அந்த நேரத்தில் இயந்திரம் இல்லாவிட்டால் மெலிவதற்குத் தசையும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார். வைத்தியர் குழாய் வைக்க வேண்டும் என்று சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். நான் சொல்ல வந்தது, குழாயை எடுத்த அன்றைக்கு வேலை முடியவில்லை என்பதை.

இதை எனக்கு விளங்க வைத்தது ஆய்வு இல்லை, என் அக்கா.

என்னைவிட நான்கு வயது மூத்தவர். இந்தப் பாடசாலையில் எட்டாம் வகுப்பு வரை படித்தார். அப்பாவுக்கு முடியாமல் போனதும் பேர் பதிந்து கொழுந்து மலைக்குப் போனார். நான் தொடர்ந்து படித்தேன். சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இந்த மலரிலாவது ஒரு பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் அவரைப் பற்றிப் பேச அவரிடம் அனுமதி கேட்டேன். "பேரை மட்டும் போட்டுறாத" என்றார். ஆகவே அதுவும் இல்லாமல் போயிற்று.

2021 ஓகஸ்ட். கொவிட் நிமோனியா. ஒரு பெரிய வைத்தியசாலையில் 16 நாட்கள் இயந்திரத்தில். நான் வேறொரு ஊரில் கொவிட் டியூட்டியில். போய்ப் பார்க்கவும் வழியில்லை. தினமும் தொலைபேசியில் ஒட்சிசன் அளவு கேட்பேன், தாதியிடம் தாதி கேட்பதுபோல. 17ஆம் நாள் குழாயை எடுத்துவிட்டோம் என்றார்கள். நான் நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். முன்பு சொன்னேனே, சின்னத் திருநாள் என்று. அதே பிழை.

மூன்று கிழமைக்குப் பிறகு துண்டு வெட்டினார்கள். துண்டில் மருந்துகளின் பெயர்களும் கிளினிக் திகதியும் இருந்தன. எழுந்து நடக்க வேண்டுமா, படுக்க வேண்டுமா, படியேறலாமா என்று ஒரு வரி இல்லை. அந்த வார்டைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முப்பது வருடங்களாக நானும் அப்படித்தான் அனுப்பினேன். அக்காவை வானில் கொண்டுவந்து, பாதையிலிருந்து லயத்துக்கு 40 படி, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு தொடங்கியது எங்கள் பாசம். குளிர் படக்கூடாது என்று ஜன்னலை அடைத்தோம். அடுப்பு எரிகிற காம்பராவுக்குப் பக்கத்திலேயே கட்டில், சூடாக இருக்குமென்று, விறகுப் புகையும் சேர்த்து. மருமகள் கஞ்சியைப் படுக்கையிலேயே ஊட்டினாள். எழுந்தால் "படுங்க அத்தை, படுங்க". விடுமுறை எடுத்துக்கொண்டு நான் வந்த பத்து நாளும் நானும் அதையே செய்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுச் சிஸ்டர்.

இரண்டு மாதம் கழித்து அக்காவால் லயத்துக்குக் கீழே இருக்கும் கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர முடியவில்லை. நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் பெருமளவு தெளிந்திருந்தது. ஒட்சிசன் 96. அப்படியானால் ஏன் இந்த மூச்சுவாங்கல் என்று கிளினிக்கில் கேட்டால், வயது, பயம், கொவிட் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். எனக்குப் புரிந்த இடம் வேறு. ஒருநாள் அக்கா தலை சீவினார். சீப்பை உச்சிக்குக் கொண்டுபோன கையோடு மூச்சு முட்டி, கையைப் போட்டுவிட்டார். உட்கார்ந்திருந்தார், நடக்கவில்லை, ஏறவில்லை, கையை மட்டும்தான் தூக்கினார். பிரிமென்றகடு பலவீனமாக இருக்கும்போது கழுத்தும் தோளும் நெஞ்சைத் தூக்கி மூச்சுக்கு உதவி செய்கின்றன. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அதே தோள் தசைகளுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது, மூச்சைக் கைவிடுகின்றன. துணி காயப்போடும்போது, தட்டிலிருந்து பானை எடுக்கும்போது, குழந்தையைத் தூக்கும்போது இதே கதை. நோய் நுரையீரலில் இல்லை, அதை இழுக்கிற தசையில் இருந்தது.

அடுத்த நாள் ஒரு பிசியோதெரபிஸ்டைத் தேடிப் பிடித்தேன். இளம் பெண், எங்கள் மலையகப் பிள்ளைதான். அக்காவைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி, "ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுவீங்க அம்மா?" அக்கா எண்ணினார். 11இல் மூச்சு அறுந்தது. நலமான ஒருவர் சாதாரணமாக 30ஐத் தாண்டிவிடுவார். நீங்கள் எல்லோரும் இப்போது மனதுக்குள் எண்ணிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது, எண்ணுங்கள்.

அவள் கொடுத்த மருந்துச்சீட்டில் மருந்து இல்லை. பகலில் படுக்கக்கூடாது, நாற்காலியில் நிமிர்ந்து இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் வயிறு பிரிமென்றகட்டை மேலே தள்ளும், பலவீனமான தசைக்கு அது ஒரு சுமை. ஜன்னலைத் திறக்க வேண்டும், கட்டிலைப் புகைக்குப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். ஒரு முட்டை, பருப்பு, நெத்தலி, எது கிடைக்குமோ அது, தினமும். தசை கஞ்சித் தண்ணீரில் வளராது. பிறகு, நடக்க வேண்டும்.

அக்காவின் லயம் பத்துக் காம்பரா. ஒரு காம்பராவின் இஸ்தோப்பிலிருந்து அடுத்ததன் இஸ்தோப்பு, அதுதான் எங்கள் அளவுகோல். முதல் நாள் இரண்டு வாசல். நின்று, மூச்சு அடங்கி, திரும்பி வருவார். கதைத்துக்கொண்டே நடக்க முடிந்தால் சரி, கதைக்க முடியாவிட்டால் நிற்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் வாசலில் இருக்கிற பாட்டி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வெளியே போட்டுவைத்தார். அதைவிடச் சிறந்த மருத்துவ உபகரணத்தை நான் அங்கே காணவில்லை. ஒரு கிழமையில் நான்கு வாசல். நடுவில் காய்ச்சல் வந்து மறுபடி இரண்டுக்கு வந்தது. ஒரு நாள் "என்னால ஏலாது, என்னை விடு" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் மாதம் பத்து வாசலும் போய்த் திரும்பினார். படிகளைத் தொடங்கியது அதற்குப் பிறகு. எண்ணிக்கை 11இலிருந்து 19, பிறகு 26.

மூச்சுத் தசைக்கென்றே ஒரு சிறு கருவியும் உண்டு. வில் வைத்த வால்வு, இழுக்கும்போது தடை கொடுக்கும், தடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஃப்ளோரிடாவில் 2011இல் வந்த ஒரு ஆய்வில், பல கிழமைகள் இயந்திரத்தை விட்டு வர முடியாமல் இருந்தவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தபோது 71 வீதமானவர்கள் விடுபட்டார்கள், கொடுக்காதவர்களில் 47 வீதம். சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுக்கிற மூன்று பந்துக் கருவி இது இல்லை. வீட்டில் அதை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு போட்டி போடுகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்தக் கருவியையும் வைத்தியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்காமல் வாங்க வேண்டாம்.

எவ்வளவு நாள் எடுக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். டொரொன்டோவில் கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வரும்போது அவர்கள் தங்கள் எடையில் 18 வீதத்தை இழந்திருந்தார்கள். ஒரு வருடத்தின் முடிவில் பாதிப்பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு நுரையீரல் ஏறத்தாழ வழமைக்கு வந்திருந்தது, ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம் எதிர்பார்க்கிற தூரத்தில் 76 வீதம். அவர்களில் பலர் நடுத்தர வயதுக்காரர்கள், நல்ல பாதையில் நடந்தவர்கள், சம்பளத்தோடு விடுமுறை இருந்தவர்கள். நம் பெண்கள் அப்படியா? கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும். "ஆஸ்பத்திரி விட்டு மூணு மாசமாச்சே, பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்று கங்காணியும் சொல்வார், மாமியாரும் சொல்வார். முகத்தில் சதை போட்டதும் நோய் போய்விட்டது என்பது நம் கணக்கு. பிரிமென்றகடு வெளியே தெரிகிற உறுப்பு அல்ல.

மனதையும் சொல்ல வேண்டும். அக்கா இரவில் எழுந்து, முகமில்லாத ஆட்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள் என்பார். அயலில் பேய்க்கோளாறு என்றார்கள், கோயிலில் நூல் கட்டினார்கள். கட்டட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முகமில்லாத அந்த ஆட்கள் நாங்கள்தான். முகக்கவசமும் முழு அங்கியும் போட்டுக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்ற தாதிகளும் வைத்தியர்களும். மயக்கமருந்தில், காய்ச்சலில், பாதி விழிப்பில் கண்டது நினைவில் உடைந்து கிடந்தது. ஒரு நாள் என் தொலைபேசியில் நான் அந்த அங்கியோடு இருக்கிற படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சனியன்தான்" என்றார். பிறகு சிரித்தார். உடல் பலவீனம், மறதி, பயம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வருகிற இந்த நிலைக்கு, தீவிர சிகிச்சைக்குப் பின்னான நோய்த்தொகுதி என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் இருப்பதில் ஒரு நன்மை உண்டு, சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது.

எதற்கு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால். சாப்பாடு, தண்ணீர் அடிக்கடி புரையேறினால். இன்னொன்று பலருக்குத் தெரியாது. குழாய் எடுத்துச் சில கிழமைகளுக்குப் பிறகு மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற, விசில் மாதிரிச் சத்தம் வந்தால், அது தொய்வு என்று நினைத்து மருந்தை இழுத்துக்கொண்டு இருக்காதீர்கள். குழாய் அழுத்திய இடத்தில் மூச்சுக்குழாய் தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம். "எனக்கு மெசின் போட்டிருந்தாங்க" என்று வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். அவர் உங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார்.

சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று காலையில் பேசினீர்கள். வளைவு கட்டுவதாக இருந்தால் கட்டுங்கள். அதோடு ஒரு பக்கத்தில் அடங்குகிற ஒரு துண்டு அச்சடிப்போம். தமிழில், பெரிய எழுத்தில். பகலில் உட்காரு, ஜன்னலைத் திற, வாசல் எண்ணி நட, முட்டை சாப்பிடு, இந்த அடையாளம் கண்டால் ஓடு. டிக்கோயா, நுவரெலியா, கண்டி வைத்தியசாலைகளில் நம் பழைய மாணவிகள் தாதிகளாக, எழுதுவினைஞர்களாக, சிற்றூழியர்களாக இருக்கிறார்கள். வைத்தியர்களிடம் காட்டி, திருத்தி, ஒப்புதல் வாங்கி, துண்டு வெட்டும்போது சேர்த்துக் கொடுக்கச் சொல்வோம். பொகவந்தலாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நம் சங்கத்தவர் இல்லாத டிவிசன் ஒன்றிரண்டுதான் இருக்கும். யாராவது மெசினிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஹோர்லிக்ஸ் போத்தலோடு போய்ப் பார்த்துவிட்டு வராமல், அவரோடு இரண்டு வாசல் நடந்துவிட்டு வாருங்கள். தோட்டத் துரைக்கும் ஒரு கடிதம் எழுத முடியும் என்று நினைக்கிறேன். திரும்பி வருகிற பெண்ணுக்கு முதல் சில மாதங்கள் தட்டையான மலை, குறைந்த கிலோ. கேட்டுப் பார்க்காமல் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

அக்கா இன்று வந்திருக்கிறார். மூன்றாம் வரிசை, பச்சைச் சேலை. வாயிலிலிருந்து இந்த மண்டபத்துக்கு வருகிற படிகளில் இரண்டு இடத்தில் நின்று வந்தார். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறார், ஆனால் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே ஏற இன்னும் முடியவில்லை, பேரன் தூக்குகிறான். போன கிழமை எண்ணிப் பார்த்தபோது 34. நான் 41. எனக்குச் சவால் விட்டிருக்கிறார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஆய்வுகூட வாசலில் இருப்பேன். வீட்டில் யாராவது இயந்திரத்தில் இருந்து வந்தவர்கள் இருந்தால் கொப்பியோடு வாருங்கள். மணிச்சாடி இன்னும் அங்கே இருப்பதாக அதிபர் சொன்னார். டியூப் துண்டு மட்டும் மறுபடி கிழிந்திருக்கிறதாம்.